கைராசியும் வாயு ரிலேயும்

கிண்ணியாவில் ஸஹாப்தீன் ஹாஜியாரின் ஐஸ் ஆலையில் மின்சாரப் பொறுப்பு என்னுடையது. ரிஸ்லா என்கிற என்னைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தாலும், ஹாஜியார் நம்பியது என்னவோ வெருகல் வீரக்குட்டியின் கையைத்தான். அவர் தொட்டுத் தள்ளிய புதுப் படகெல்லாம் மீனோடு திரும்புமாம். அந்தக் கைராசியை டிரான்ஸ்போமர் வரைக்கும் இழுத்து வந்த பெருமை ஹாஜியாரையே சேரும்.

அன்று மதியம் டிரான்ஸ்போமரின் வாயு ரிலே மின்சாரத்தைத் துண்டித்தது. உள்ளே சுருள் கருகினால் எண்ணெயில் வாயு கிளம்பும். அது சேர்ந்ததும் ரிலே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பழுதைப் பார்க்காமல் திரும்பப் போடக்கூடாது என்றேன். படித்த பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரித்துவிட்டு, ஹாஜியார் கார் அனுப்பி வீரக்குட்டியைக் கூப்பிட்டார். வந்தவர் கைகழுவி, கண்ணை மூடி, பொத்தானை அமத்தினார். ஆலை இரைந்தது. எல்லோரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பார்த்து முடிப்பதற்குள் மறுபடியும் நின்றது.

அதற்கும் ஹாஜியாரிடம் மருந்து இருந்தது. ரிலேயின் வயரையே கழற்றிவிடச் சொன்னார்.

“ஐஸ் இல்லாம மீன் அழுகுது மகள். கழட்டுங்க. ஏலாதெண்டா வீட்ட போங்க.”

வீட்டில் என் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டது. ரிலேயில் சேர்ந்திருந்த வாயுவை ஊசிக்குழாயில் எடுத்து, தூரத்தில் வெறும் வளவுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினேன். குப்பென்று பற்றியது. வெறும் காற்றென்றால் பற்றாது, உள்ளே சுருள் கருகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கைராசிக்காரர் கேற் வரைக்கும் ஓடினார். ஹாஜியார் வயரை விட்டுவிட்டு, திருத்துகிறவர்களைக் கூப்பிடச் சொன்னார்.

திருத்த வந்தவர்கள் திறந்து காட்டியபோது சுருளின் ஒரு பக்கம் முழுக்கக் கரி. இன்னொரு முறை போட்டிருந்தால் எண்ணெயோடு வெடித்திருக்கும் என்றார்கள். ஹாஜியார் கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, தக்க நேரத்தில் நிற்க வைத்ததே வீரக்குட்டியின் கைதான் என்றார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

திருத்திய டிரான்ஸ்போமரைப் போடுகிற நாளில் வீரக்குட்டிக்கு மாலை. மீன்காரர்கள் கூடி நின்றார்கள். சுவிச்சில் கைவைத்தபடி அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, எனக்குக் கை நடுங்குது. ஆருக்கும் தெரியாம நீங்க போட்டுவிடுங்கோ.”

“எல்லாருக்கும் தெரியத்தான் போடுவன். நீங்க தள்ளி நில்லுங்கோ,” என்றேன்.

தள்ளி நின்றார், கேட்டதற்கு மேலாகவே. ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி தலையசைத்தார். போட்டேன். ஆலை இரைந்தது, ரிலே பேசாமல் இருந்தது.

எல்லோரும் வீரக்குட்டியைப் பார்த்துக் கைதட்டினார்கள்.