இலைக்காரிக்கு ஆகாத இலை

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளை இலைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலியோரங்களில் மண்டிக்கிடக்கும் ஒரு மஞ்சள் பூக் களையைக் காயவைத்து, அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அவள் வேலை. படிப்பு முடிந்த கையோடு பிடித்த செடி. நரை எட்டிப்பார்த்த பிறகும் விடவில்லை.

கூட்டாளியின் பட்டப்பெயர் சொட்டு. கண்ணாடிக் குழாயிலிருந்து சாறு சொட்டுவதை நாள் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர். இருவரும் பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்று, தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது. அன்றிலிருந்து அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இது மருந்தாகியே தீரும் என்று சொட்டு அடித்துச் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுடைய கண்ணிமை வீங்க ஆரம்பித்தது. பிறகு கழுத்து, விரலிடுக்கு. கையுறை, முகமூடி எதற்கும் அடங்கவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கடின்னா செடியைக் கட்டிக்கிட்ட. இப்ப அதுவே உன்னை அடிச்சுத் தொரத்துது," என்றாள் வீட்டில் கூட இருக்கும் அக்கா. கேலி செய்தாலும், டாக்டரைப் பார்க்கும்வரை அவளை விடவில்லை.

டாக்டர் அதே நிலையத்தின் மாடியில் நோயெதிர்ப்புப் பிரிவை நடத்துகிற அம்மாள். "உங்க உடம்புல இருக்கற காவல்கார அணுக்கள் அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. முகம் பாத்துட்டா லேசுல மறக்காது. இனிமே செடிப் பக்கமே போகாதீங்க."

"அதுல எந்தப் பொருள் டாக்டர்?"

"அதெப்படிம்மா சொல்றது? செடின்னா நூறு பொருள் இருக்கும்."

"எங்கிட்ட தனித்தனியா இருக்கு. கீழ ஃப்ரிட்ஜ்ல."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பொருளுக்கு ஒரு துளியாக அவள் முதுகில் வரிசையாக ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது, டாக்டர் படமெடுத்துக் காட்டினார். ஒரே ஓர் இடம் மட்டும் செக்கச்செவேலென்று கொப்புளித்திருந்தது. எது என்று அவள் கேட்கவில்லை. வரிசை அவளுக்கு மனப்பாடம். புற்றணுவைக் கொன்ற அதே பொருள்.

தோல் தடிப்போடு டாக்டரிடம் வரும் தோட்டக்காரர்கள் சிலரிடமும், அவர்கள் சம்மதத்தோடு, ஒட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் அதுவேதான்.

அவள் கீழே போய் சொட்டிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க ஒருத்தருக்கு ஒத்துக்கலைங்கறதுக்காக மருந்தே தப்பா?" என்றார்.

"எனக்கு மட்டும்னா வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். தோட்ட வேலை பாக்கறவங்களுக்கெல்லாம் இதுதான் வருது. இதைப் போய் ஒரு நோயாளி உடம்புல எப்படி ஏத்தறது?"

"அப்ப இத்தனை வருஷம் நாம பண்ணது?"

அவள் கண்டதைக் கண்டபடி நிலையத்தின் கூட்டத்தில் சொன்னாள். மருந்து முயற்சி நின்றது. சொட்டு முகம்கொடுத்துப் பேசுவதை விட்டார்.

செடியைத் தொட முடியாதவளுக்குக் கீழே என்ன வேலை? டாக்டர் மாடிக்கு அழைத்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள் துறைத்தலைவர்களாகிவிட்ட வயதில், மாணவிகளோடு உட்கார்ந்து தட்டில் உயிரணு வளர்க்கக் கற்றாள். முதல் மாதம் வளர்த்ததெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. கீழே இருந்த அவளுடைய மேஜையைக்கூட வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, அக்கா மடியில் தலைவைத்து அழுதாள். அக்கா அன்றைக்குக் கேலி பண்ணவில்லை.

நெடுநாள் கழித்து ஒரு மத்தியானம் சொட்டு மாடியேறி வந்தார். செடித் தூசி அவளுக்கு ஆகாது என்று குளித்து, சட்டை மாற்றியிருந்தார். அப்படியும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்த மூலக்கூறோட ஓரத்துல ஒரு கொக்கி மாதிரி இருக்குமே, அதை மாத்திட்டேன். இப்ப தடிப்பு வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

"உள்ள வாங்க முதல்ல," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தன் முதுகிலேயே ஒட்டிப் பார்த்தாள். தடிப்பு வரவில்லை. சொட்டு குழந்தை மாதிரி கைதட்டினார். ஆனால் புற்றணுத் தட்டில் போட்டபோது, அணுக்கள் ஒன்றும் நடக்காததுபோல் கொழுகொழுவென்று வளர்ந்தன. புற்றைக் கொன்றதும் அந்தக் கொக்கிதான். தோலைப் புண்ணாக்கியதும் அதுவேதான்.

"போச்சு போங்க," என்று நாற்காலியில் சரிந்தார் சொட்டு.

"போகட்டும். ஏன் போச்சுன்னாவது தெரிஞ்சுதே. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்."

எழுதினார்கள். யார் பெயர் முதலில் என்பதில்தான் இழுபறி. நீங்கதான், இல்லை நீங்கதான் என்று ஒரு வாரம் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் டாக்டர் சலித்துப்போய், "உங்க முதுகுதானேம்மா புண்ணாச்சு, உங்க பேரையே போட்டுத் தொலைங்க," என்று முடித்துவைத்தார்.

மருந்து வரவில்லை. ஆனால் கை வெடித்து வரும் தோட்டக்காரர்களுக்கு இன்று மாடியில் அந்த ஒரு துளியை ஒட்டிப் பார்த்து, அந்த மஞ்சள் பூக் களையை விட்டு விலக வேண்டுமா என்று சொல்லியனுப்புகிறார்கள். வேலையை விட நினைத்தவர்களில் பலர் விடவில்லை. சொட்டு வேறொரு கொடியைப் பிடித்திருக்கிறார். அதிலிருந்து எதைப் பிரித்தாலும் முதலில் மாடிக்குத்தான் அனுப்புகிறார்.