நானூறு வாட்

நெவில் கிராட்டன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு முன்னால் வந்து நின்றபோது, நாயை அவிழ்த்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவிழ்த்தும் விட்டேன். மானங்கெட்ட நாய், வாலை ஆட்டிக்கொண்டு போய் அவன் முழங்காலை நக்கியது.

"வாடா ராசா, இந்த வீட்டுல உனக்காவது என்னைப் பிடிக்குதே" என்று அதன் காதைச் சொறிந்தான்.

நெவில் என் அக்கா லோர்னாவின் முன்னாள் புருஷன். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, வேறொருத்தி கிடைத்ததும் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பிப் போனவன். மறுநாள் லாரியோடு திரும்பி வந்தான். அக்காவைச் சமாதானப்படுத்த அல்ல, உயிர்ப் பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியை ஏற்றிக்கொண்டு போக. ஆளின் லட்சணம் அவ்வளவுதான்.

அந்தத் தொட்டிதான் இந்த ஜனவரியில் செத்துப்போனது. ஆஸ்திரேலியாவில் ஜனவரிதான் நடுக்கோடை. வெயில் கொளுத்திய வாரம், தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் நின்றுவிட்டது. இவன் புதுக்காரியோடு ஏதோ தீவுக்குப் போயிருந்தான். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் தொட்டி முழுக்க நாற்றம். டவுன்ஸ்வில்லில் தொட்டி வைத்திருக்கிற எங்கள் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் போய்த் துக்கம் விசாரித்தார்கள். நான் போகவில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

இப்போது அவன் வந்திருப்பது மான்கொம்புப் பவளத்துக்காக. உடம்பு ஊதா, ஒவ்வொரு கிளையின் நுனியும் மஞ்சள். எந்த முக்குளிப்பவனோ ஒரே ஒரு தடவை கொண்டுவந்தது, அதற்கப்புறம் யார் கண்ணிலும் பட்டதில்லை. நெவில்தான் அதை வாங்கி வளர்த்தான். என் அக்கா புருஷனாக இருந்த காலத்தில் ஒரு விரல் நீளம் உடைத்து எனக்குக் கொடுத்தான். அவனுடையது வெந்துபோன பிறகு, ஊரில் மிச்சமிருப்பது என்னுடையது ஒன்றுதான்.

எங்கள் சங்கத்தில் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. அபூர்வமான பவளம் வைத்திருப்பவர் ஒரு துண்டை உடைத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் தொட்டியில் அது செத்தால், வாங்கியவரிடம் போய்க் கேட்கலாம். கேட்டவருக்கு இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது ஒரு துண்டை உடைத்து நீட்டிவிடுவார்கள்.

நெவில் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"என்ன கிளென், ஊதா எங்க போச்சு? சாக்கடைக் குச்சி மாதிரி இருக்கு. பல்பு மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

கிளெனிஸ் என்கிற என் பெயரைக் கிளென் என்று வெட்டுகிற உரிமை அக்காவுக்கு மட்டும்தான் உண்டு.

"உனக்கெதுக்கு அது?"

"ஒன்றரை வருஷம் இருக்குமா? மெட்டல் ஹாலைட் பல்பு பழசானாலும் பார்க்க எரியுற மாதிரியேதான் தெரியும், ஆனா பாதி வெளிச்சம் எப்பவோ போயிருக்கும். சரி, பரவாயில்ல. பழுப்பா இருந்தாலும் உயிரோடதானே இருக்கு. ஒரு விரல் நீளம் குடு, போயிடறேன்."

"முடியாது."

"என்னது?"

"மூணு வாரத்துல சங்கத்துக்காரங்க தொட்டி பார்க்க வராங்க. அதுக்குள்ள உடைச்சா வெட்டுத் தழும்பு தெரியும். புது விளக்கு போடப்போறேன், நிறம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு கிளென்."

"லோர்னாகிட்ட நீ காட்டின வழக்கம் எனக்குத் தெரியும். பெட்டியை எடு."

எடுத்துக்கொண்டு போனான். நாய் கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை, ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை இல்லாத நாள், தொட்டிச் சாமான் விற்கும் ட்ராயின் கடைக்குப் போனேன். ட்ராய் நல்ல பையன்தான், ஆனால் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்லுவான். மேசைமேல் பல்புகளை வரிசையாக வைத்தான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். இருபதாயிரம் கெல்வின் நீலமாக எரியும். பவளம் பளபளவென்று தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வளரும். பத்தாயிரம் நடுப்பகல் வெயில் மாதிரி வெள்ளை. பழுப்பேறிய பவளம் ஊதாவாகத் திரும்ப அதுதான் நல்லது. என்னிடம் இருந்தது இருநூற்றைம்பது வாட், இருபதாயிரம். அதே வாட்டில் பத்தாயிரம் போட்டாலே போதும் என்றான். நானும் அதைத்தான் எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து குரல் கேட்டது. "அதான் சரி. அதோட நிறுத்திக்கோ."

உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நெவில் நின்றான்.

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நீ அந்த நானூறு வாட்டையே முறைச்சுக்கிட்டிருந்த, அதான் சொன்னேன். ஸ்கூல் பஸ் ஓட்டறவளுக்கு ராக்கெட் எதுக்கு?"

ட்ராய் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் நான் இருநூற்றைம்பதோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ட்ராய், நானூறு குடு. அதுக்கு வேணுங்கிற சோக் பெட்டியும் குடு."

ட்ராய் சிரிப்பை நிறுத்தினான். "கிளெனிஸ், உங்க தொட்டிக்கு அது கொஞ்சம்..."

"குடுன்னேன்."

நெவில் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தான். முகத்தில் கிண்டல் இல்லை. "சரி, வாங்கிக்கோ. ஆனா நேரா போட்டுடாத. விளக்கை நல்லா மேல தூக்கிக் கட்டு. தொட்டி மேல கொசுவலையை நாலு மடிப்பாப் போடு. வாரத்துக்கு ஒரு மடிப்பு எடு. இவ்வளவு நாள் இருட்டுல கிடந்தது அது, திடீர்னு வெயில்ல நிறுத்தினா தோல் உரிஞ்சுபோகும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு ஒரு மடிப்பு என்றால் நாலு வாரம். சங்கம் வர இரண்டே வாரம் இருக்கிறது. அன்றைக்கு என் பவளம் பழுப்பாகவே இருக்கும். இவளுக்கு வைத்திருக்கத் தெரியவில்லை, நெவிலிடமே கொடுத்துவிடலாம் என்று நாலு பேர் பேசுவார்கள். அதற்குத்தானே இவ்வளவு அக்கறை! பதினாறு வருஷம் ஒருத்தியை ஏமாற்றியவன் கொசுவலை விஷயத்தில் மட்டும் யோக்கியனாக இருப்பானா?

அன்று மத்தியானமே மாட்டினேன். வலையும் இல்லை, ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும் கூடமே வெளுத்தது. தொட்டியின் அடிமணல்வரை வெளிச்சம் ஆடியது. பவளத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெவிலை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பீர் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல மாதம் ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் பவளம், இரை பிடிக்க நீட்டுகிற தன் சின்னச் சின்ன விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. பழகிக்கொள்ளும் என்று விட்டேன். நாலாம் நாள் பழுப்பு கரைந்து, இளம் ஊதா எட்டிப் பார்த்தது. நிறம் வந்துவிட்டது என்று குதித்தேன். லோர்னாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்படியா" என்றாள். சங்கத்தில் மூன்று பேருக்குச் சொன்னேன், நெவில் காதுக்குப் போகட்டும் என்று.

அது நிறம் வந்ததல்ல, போய்க்கொண்டிருந்தது. பவளத்துக்குச் சோறு போடுவது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி. வெளிச்சம் தாங்காமல் அந்தப் பாசி வெளியேறும்போது, போகிற வழியில் பவளம் அழகாகத்தான் இருக்கும். இருபது வருஷம் தொட்டி வைத்திருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். வேறொருவர் தொட்டியாக இருந்தால் வாசலிலிருந்தே சொல்லியிருப்பேன்.

ஆறாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது அது சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது. ஜன்னலிலிருந்த கொசுவலையைக் கத்தியால் அறுத்தெடுத்து, நாலு மடிப்பல்ல, எட்டு மடிப்பாகப் போட்டேன். விளக்கை உத்தரம்வரை தூக்கினேன். பத்தாம் நாள் சதை நூல்நூலாக உரிந்து தண்ணீரில் மிதந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்களே என்று சொல்லவில்லை. எல்லாரும் தொட்டியைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் சுட்டுவைத்த கேக்கை யாரும் தொடவில்லை.

நெவில் கடைசியாக வந்தான். கையில் அதே ஐஸ் பெட்டி. குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"சொல்லு" என்றேன். "சொல்லித் தொலை. அதுக்குத்தானே வந்த?"

"வலை போட்டியா?"

"இல்ல."

"நான் சொன்னதாலயா?"

"ஆமா. நீ சொன்னதாலதான்."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா, எதுவாக இருந்தாலும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"முட்டாளே" என்றான். அத்தனை பேர் முன்னால், கத்தாமல் சொன்னான். "அன்னைக்கு எனக்கு ஒரு விரல் குடுத்திருந்தா, இப்ப நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். உன்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் உடைச்சுக் குடுத்திருப்பேன்."

நான் பதிலுக்கு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அக்காவைக் கைவிட்டவன், பொய்யன், பொறுக்கி என்று அவனைப் பற்றி இன்றைக்கும் மணிக்கணக்காகப் பேச என்னால் முடியும். ஆனால் நான் போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.