ஏழாம் டப்பாவில் எட்டாம் சுருள்

கழித்துக்கட்ட வேண்டிய படங்களின் பட்டியலில் அது பதினோராவது. அறுபது வருஷத்துக்கு முந்தைய துப்பறியும் படம். வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனது. உலகத்தில் மிச்சம் இந்த ஒரே பிரதிதான். நாலு மணிக்கு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

பழைய படச்சுருள்களைச் சோதிக்கும் அந்தக் கிடங்கில் வேலை பார்க்கும் அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘வெடுக்கு’. வாய் அப்படி. காலையிலிருந்து அந்தப் படத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பணக்கார வீட்டில் கொலை. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. இன்ஸ்பெக்டர் வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் விசாரிக்கிறார், தரை துடைக்கிறவளைத் தவிர. அவளைத் தாண்டிக் கால் வைத்துப் போகிறார். கேமரா மட்டும் அவளை விட்டு நகர மறுக்கிறது. வெடுக்கின் அம்மா நாலு வீட்டில் தரை துடைத்துத்தான் இவளைப் பட்டதாரியாக்கினாள். அம்மா மாதிரி ஒருத்தியை எந்தப் படமும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “இன்னும் அதையேவா கட்டிக்கிட்டு அழற? தேறாதுன்னு நான் அப்பவே எழுதிட்டேனே. ஏழாவது சுருள்ல வேலைக்காரி கையில கட்டு. எட்டுல கட்டக் காணோம். டைரக்டருக்கே ஞாபகம் இல்ல!”

“எட்ட முழுசா பாத்தீங்களா சார்?”

“பாதி.”

“மீதியில கண்ணாடிச் சில்லு பொறுக்கறா, கை கிழியுது. சில்லுக்கு நடுவுல கொலைகாரனோட சட்டைப் பொத்தான். எடுத்து இடுப்புல செருகிக்கறா. அப்புறம்தான் சார் கட்டு. ரெண்டு சுருளும் டப்பா மாறிக் கிடக்கு.”

“யாரு மாத்துனா?”

“தூசி தட்டுறப்போ மூடியெல்லாம் கழட்டி, மாத்தி மூடியிருக்காங்க. நம்பர் மூடியிலதான இருக்கு? தூசி தட்டுன பதிவேட்டுல இருக்கற கையெழுத்து உங்களுது.”

“வாய அடக்கு தாயே,” என்றவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அவள் இரண்டு சுருளையும் சரியான வரிசையில் ஓட்டினாள். கட்டுப் போட்ட கை இன்ஸ்பெக்டர் முன்னால் தண்ணீர் வைக்கிறது. அவர் குனிந்தபடியே குடிக்கிறார். அவள் இடுப்பிலிருக்கும் பொத்தான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது.

“யோவ், நிமிந்து பாருய்யா!” என்றார் மேலாளர், திரையைப் பார்த்து.

பிறகு பட்டியலை வாங்கிப் பதினோராவது வரியை அடித்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘மூடி மாறியது’ என்று எழுதினார்.

“யாரு மாத்துனதுன்னு எழுதலையே?”

அவர் பேனாவைத் திறந்து, தன் பதவியையும் பக்கத்தில் எழுதினார்.

“போதுமா? ஒம்பதாவது சுருள மாட்டு. சீக்கிரம்.”