உப்பில்லாத வெள்ளம்

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் கதை ஒன்று வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எனக்குக் கடல் தெரியாது. பாறசாலைக்காரி நான், பஸ் ஏறினால் கடல் வந்துவிடும், ஆனால் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் என் தம்பி அஜீஷின் பாய்மரப் படகு ஞாபகம் வந்தது. அந்தப் படகின் பேரில் அவனும் அவன் மனைவி சோனாவும் சில வாரங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொந்த வீட்டுச் சண்டையைக் கதையாக்குகிறாயே, வெட்கமில்லையா என்பீர்கள். அடுத்த வீட்டுச் சண்டையை எழுதினால் அடி விழும். அதனால் இது.

முதல் வரியைத் தனுவச்சபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்தேன்:

அலைகள் தாலாட்ட, வெண்ணிறப் பாய் விரித்து, அந்தப் படகு—

போதும். பச்சைப் பொய். படகு நிற்பது பூவாறில், நெய்யாறு கடலைத் தொடுவதற்கு முன் காயலாகப் பரந்து கிடக்கும் இடத்தில். அங்கே அலையே கிடையாது. வெண்ணிறப் பாயை நான் பார்த்ததும் கிடையாது, அதை நீலத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறான்.

இரண்டாவது முயற்சி: படகின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது.

இது உண்மை. இதை வைத்துக்கொள்வோம்.

2

பதறாதீர்கள், அந்த ஓட்டை வேண்டுமென்றே போட்டது. பாய்மரப் படகுக்கும் சின்னதாக ஓர் என்ஜின் உண்டு. காற்று விழுந்துவிட்டாலும், முகத்துவாரத்தில் மணல்திட்டுக்கு நடுவே நுழைந்து போகவும் அது வேண்டும். என்ஜின் உள்ளே இருக்கிறது, விசிறி வெளியே தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் இரும்புத் தண்டு, ஷாஃப்ட், படகின் அடியைத் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும். தண்டு சுழலவும் வேண்டும், தண்ணீர் வரவும் கூடாது. அதற்குத்தான் சீல்.

அஜீஷின் படகில் இருக்கும் சீலில், தண்டோடு சேர்ந்து சுழலும் ஓர் எஃகு வளையத்தின்மேல் சுழலாத ஒரு கரி வளையம் உரசிக்கொண்டே நிற்கும். கரி வளையத்தை அழுத்திப் பிடிப்பது ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழல். அந்த ரப்பர் வயசாகி இறுகினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் இடுக்கு வழியே தண்ணீர் வரும். அவ்வளவுதான் விஷயம். [ஆசிரியருக்கு: இந்தப் பத்தியை வெட்டினால் கதை மூழ்கும்.]

3

இனி ஆட்கள்.

அஜீஷ் துபாயில் பணக்காரர்களின் படகுகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்து வந்தான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நடந்தது அதுவல்ல. அவன் பொறுப்பிலிருந்த ஒரு படகு, கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பாய்மரத்தின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே. காரணம் இதே சீல். முந்தின நாள் பார்த்தவன் அவன், ஒன்றுமில்லை என்று சொன்னவனும் அவன்தான். கல்யாணத்துக்கு முன்பு அவன் இதைச் சொன்னது சோனாவிடம் மட்டும். [இதை எழுத இரண்டு பேரும் சம்மதித்தார்கள். அஜீஷ் சம்மதிப்பதற்குள் என் உயிரை வாங்கிவிட்டான்.]

சோனா அம்பூரிக்காரி, மலையில் பிறந்தவள், காரக்கோணத்தில் லேப் வேலை. என் முதல் வரைவில் அவளைக் கடலுக்குப் பயந்து அழுகிறவளாக எழுதினேன். மலைக்காரி, கடல், பயம் என்று வசதியாக இருந்தது. படித்துவிட்டு அவளே கூப்பிட்டாள். தான் ஒருநாளும் அழவில்லை, நெய்யாறு அணைக்கட்டில் நீந்திப் பழகியவள் தான், படகுக்கு ஒரு பயமும் இல்லை என்றாள். அப்படியானால் எதற்குத்தான் பயம் என்று கேட்டேன். “இவிய மறைக்கதுக்காக்கும் மைனி,” என்றாள். (இவிய என்றால் அவள் புருஷன், மைனி நான்.)

அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன். கதை அங்கே இருந்தது, நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

4

திட்டம் இது: பொழி திறந்ததும் இரண்டுபேருமாகப் படகைக் கொச்சிக்குக் கொண்டுபோவது, அங்கே சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைப்பது. பொழி என்பது ஆறு கடலில் விழும் வாய். மணல் ஏறி அது மூடிக் கிடந்தது, வெட்டித் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மழையோ நின்றபாடில்லை.

அந்த நாட்களில்தான் படகின் அடித்தட்டில் தண்ணீர் தென்பட்டது. கொஞ்சம்தான், ஒரு கிண்ணம் தேறும். துடைத்தால் மறுபடியும் வந்தது. சீலா என்று கேட்டாள் சோனா. அஜீஷ் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

“உப்பு இல்ல. மழவெள்ளமாக்கும்,” என்றான்.

(எங்கள் பக்கம் சொல்வதைச் செல்லுவது என்போம், தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். ஒரு டம்ளர் வெள்ளம் கேட்டால் யாரும் மேட்டுக்கு ஓடமாட்டோம்.)

துபாயில் அவன் கற்ற பாடம் அது. அங்கே படகைச் சுற்றி எப்போதும் கடல். உள்ளே வந்த தண்ணீர் கரித்தால் சீலையோ அடிப்பலகையையோ பார், இனித்தால் குடிதண்ணீர்த் தொட்டியையோ மேல்தளத்தையோ பார். நாக்கைவிட நல்ல கருவி வேறில்லை. கசிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதையும் பார்க்கவேண்டும். இங்கே உப்பும் பூக்கவில்லை. ஆகவே ஜன்னல் ஓரங்களுக்கெல்லாம் பசை பூசினான். பாய்மரம் இறங்கும் துவாரத்தை அடைத்தான். தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது.

இன்னொன்றும் உண்டு, இதற்கு எங்கள் அம்மாதான் பொறுப்பு. பழைய மிஷன் சபைக் குடும்பம் எங்களுடையது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கக் கூட்டிக் கழுவித் துடைத்துவிட வேண்டும், ஓய்வுநாளில் துடைப்பத்தைத் தொடக்கூடாது. அந்தப் பழக்கத்தை அஜீஷ் படகுக்கும் கொண்டுபோனான். சனிக்கிழமை காலை என்ஜினை ஓட்டிப் பார்ப்பான், சாயங்காலம் என்ஜின் அறையைக் கண்ணாடி மாதிரி துடைத்துவைப்பான். சீல் கசிந்தால் சுழலும் தண்டு தண்ணீரைப் பக்கவாட்டில் வீசும். கரித்தூள் கலந்த அந்தத் தண்ணீர் இருபக்கச் சுவரிலும் கறுப்பாக ஒரு கோடு போடும். அந்தக் கோடு சனிக்கிழமைதோறும் துணியோடு போயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்து சோனா வந்து பார்த்தால் படகு பளபளவென்று இருக்கும். என்ன குறை சொல்ல?

கறுப்புக் கோட்டை அவன் பார்க்கவேயில்லையா? இந்தக் கேள்வியை நானும் கேட்டேன். என்ஜின் என்றால் அழுக்கு இருக்கும் என்றான். கடல்தண்ணீர் இல்லை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அவ்வளவு ஆசை. அவன் கோழை இல்லை, ஒருதடவை சுட்டுக்கொண்டவன்.

5

இந்த இடத்தில் ஒரு புத்திசாலித்தனமான காட்சி வைக்க ஆசைப்பட்டேன். சோனா தண்ணீரை லேபுக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, முடிவை அவன் முகத்துக்கு நேராக—

இல்லை. அவள் சிரித்தே செத்துப்போவாள். நடந்தது சாதாரணமாக நடந்தது.

ஒருநாள் சோனா கரையில் நின்றுகொண்டிருந்தாள். கரைவீட்டு லேகா காயல் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைத்து, படியெல்லாம் வழிந்து, படகுவரை மிதந்து வந்தது. சோனா கொஞ்சநேரம் அந்த நுரையையே பார்த்தாள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இது அம்பூரிக்காரிக்கும் தெரியும், பூவாறுக்காரிக்கும் தெரியும். எப்போதும் இப்படி நுரைக்குமா என்று லேகாவிடம் கேட்டாள். பொழி அடைந்து மழையும் பெய்தால் காயலில் உப்பே இருக்காது, இந்த நாட்களில்தான் ஊரெல்லாம் இங்கே துவைக்க வரும் என்று லேகா மலையாளத்தில் சொன்னாள்.

சோனா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். பிறகு படகில் ஏறி அஜீஷைக் கூப்பிட்டாள்.

“வெளிய உள்ள வெள்ளத்திலயும் உப்பு இல்ல. இது எங்க ஆறாக்கும். நீங்க இத்தன நாளும் நாக்குல வச்சது மழையில்ல, நெய்யாறு.”

அவன் தலையைக் குனிந்தபடி போய் ஒரு பையைத் திறந்து புது ரப்பர் குழலை எடுத்து வைத்தானாம், உறைகூடப் பிரிக்காமல். படகு வாங்கிய அன்றே வாங்கியது அது. பழையதைப் பிரித்துப் பார்த்தால் கெட்டது தெரிந்துவிடுமே என்று பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறான். சண்டை அன்றுதான் தொடங்கியது. படகு கசிந்ததற்கு இல்லை, அந்தப் பைக்கு. ரப்பர் கையிலிருந்தும் மழை மழை என்று தன்னிடம் சொன்னானே என்று அவளுக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை, தம்பி என்றாலும்.

6

பழுதுபார்த்த கதையை நீட்டாமல் சொல்கிறேன். மீன்பிடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, அடியில் தடி உருட்டி, படகை மணலில் ஏற்றினார்கள். தண்டை என்ஜினிலிருந்து பிரித்துப் பழைய ரப்பரை உருவினான். அது கருவாடு மாதிரி விறைத்திருந்தது. புதியதைப் போட்டு இரண்டு பக்கமும் இரட்டைப் பட்டை முறுக்கினான். எஃகு வளையத்தைத் தண்டில் பிடிக்கும் குட்டித் திருகாணிகளைப் புதிதாகவே போட்டான். ஒருதடவை கடித்த ஆணி மறுதடவை கடிக்காதாம், வளையம் நழுவினால் ரப்பர் புதிதாக இருந்தும் பயனில்லை. படகைத் தண்ணீரில் இறக்கியதும் ரப்பரைக் கையால் அமுக்கி, உள்ளே சிக்கிய காற்று போய்த் தண்ணீர் பீச்சும்வரை விட்டான். அந்தத் தண்ணீர்தான் வளையங்களுக்குக் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடினால் கரி தீய்ந்துவிடும்.

சோனா சீலுக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தாள். அந்தச் சனிக்கிழமை யாரும் எதையும் துடைக்கக்கூடாது என்றாள். அம்மா முணுமுணுத்தாள். என்ஜினை ஓட்டினார்கள், நிறுத்தினார்கள், ஒருநாள் விட்டுப் பார்த்தார்கள். துணி காய்ந்தே இருந்தது, சுவரில் கோடும் இல்லை. அஜீஷ் குழந்தை மாதிரி சிரித்தானாம். சோனா சிரிக்கவில்லை.

“ஒழுகட்டு. ஒழுகினா பம்பு உண்டு, வாளி உண்டு, எனக்குக் கையும் உண்டு,” என்றாள். “கடல்ல வச்சு ஒழுகினா நீங்க எங்கிட்ட செல்லுவியளா? அது மட்டும் எனக்கு அறியணும். அறிஞ்சாத்தான் ஏறுவேன்.”

கை கழுவிவிட்டு வாறேன் என்று அவன் கரைக்குப் போனான். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

7

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். எழுதிப் பார்த்த முடிவுகள்:

அஜீஷ் அவள் கையைப் பிடித்து, இனி உன்னிடம் எதையும்— [தூ. கல்யாண வீடியோ.]

சோனா ஏறவில்லை. அவன் தனியே பொழியைத் தாண்டினான். கரையில் நின்ற அவள்— [அவள் கரையில் நிற்கும் ஆளா? இல்லை.]

கடலில் படகு மூழ்கியது. [இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அழித்துவிட்டு அவனுக்கு ஒருதடவை போன் செய்து சும்மா குரலைக் கேட்டேன்.]

பிறகு ஒரு நல்ல பதில் கிடைத்தது. நாலே வார்த்தை, வழிசலும் இல்லை, வீறாப்பும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டால் எந்தப் பெண்ணும் படகில் ஏறிவிடுவாள். அதை அஜீஷின் வாயில் வைத்து எழுதி முடித்துவிட்டேன்.

நேற்று அவனே கூப்பிட்டான். நாளைக் காலை பொழி வெட்டப்போகிறார்கள் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அக்கா, கதையில நான் அவகிட்ட என்ன செல்லுதேன்? ஒண்ணு வாசியேன்,” என்றான்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வாசிக்கத் தொடங்குமுன் போன் கை மாறியது. சோனா.

“மைனி, அத வாசிக்காதீங்க. அழிச்சிருங்க. நீங்க எழுதினத இவிய பாத்துச் செல்லுவாவ. கேக்கதுக்கு நல்லா இருக்கும், நானும் ஏறிருவேன். இவிய சொந்தமாட்டு செல்லணும், மைனி. தப்பாச் சொன்னாலும் பரவால்ல.”

போனுக்கு அந்தப் பக்கம் அஜீஷ் நின்றுகொண்டிருந்தான், எனக்குத் தெரியும்.

அழித்துவிட்டேன். சத்தியமாக அழித்துவிட்டேன், எங்கேயும் பிரதி இல்லை. நல்ல பதில், போனால் போகட்டும். உங்களுக்கு ஒன்று தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது விடிந்துவிட்டது. பூவாறில் பொழியை வெட்டத் தொடங்கியிருப்பார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கடைசி வரிகளை எழுதுகிறேன்: படகு கயிற்றில் நிற்கிறது, சோனா இன்னும் கரையில் இருக்கிறாள், ஒரு கால் செருப்பைக் கழற்றியாயிற்று. அஜீஷ் என்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்து, மூடி, மேலே ஏறி வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: