மேட்டுக்கு எட்டு, நமக்கு நாலு

நாலே வார்த்தை. ‘மேட்டுக்கு எட்டு, நமக்கு நாலு.’ முகத்துக்குப் பதில் காலிக் குடத்தின் படத்தை மாட்டிக்கொண்டு, ‘தாகம்’ என்ற பெயரில் யாரோ ஒரு புண்ணியவான் போனில் கிளப்பிவிட்டது. ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதே பேச்சு. தேர்தலுக்கோ இன்னும் பத்து நாள்.

பேச்சு கடைசியில் வால்வுக்காரரிடம் வந்து நின்றது. குடிநீர் வால்வை மேட்டுத் தெருவுக்கு எட்டுச் சுற்று திறப்பவர் அவர்தான். தன் வீடு இருக்கும் பள்ளத் தெருவுக்கு நாலு. மேட்டில் தண்ணீர் ஏற எட்டு வேண்டும், பள்ளத்துக்கு நாலே போதும். இரண்டு தெருவுக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும். இதை விளக்கப் போனால் கேட்பவர்கள் பாதியிலேயே கொட்டாவி விட்டார்கள்.

“சுத்துக் கணக்கு உன்னைத் தவிர யாருக்குய்யா தெரியும்?” என்றார் குடிநீர் ஆபீஸ் இன்ஜினியர். “எழுதினவன் யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லேன்னா வால்வு சாவியை வெச்சுட்டுக் கிளம்பு.”

இருபது வருஷ வேலை. அன்றிலிருந்து அவருக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் குடமாகவே தெரிந்தது. கடைசியில் ஒரு தந்திரம் செய்தார். பம்ப் ஆபரேட்டரிடம், “நாளைக்கு மேட்டுக்கு ஒன்பது சுத்து” என்றார். டீக்கடைக்காரரிடம் பத்து. சாப்பிடும்போது மனைவியிடம் பதினொன்று. அதுவும் சும்மா ஒப்புக்குத்தான்.

மறுநாள் காலை தாகம் எழுதியது: ‘இன்று மேட்டுக்குப் பதினொன்று!’

அடுப்படிக்குப் போய்ப் போனை நீட்டினார். மனைவி மழுப்பவில்லை.

“என் தம்பி எலெக்ஷன்ல நிக்கிறான்ல. நம்ம தெரு ஓட்டு மொத்தமா வேணும்னான்.”

“மேடு பள்ளம் உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

“தெரியும். அதை எழுதினா யாருங்க படிப்பா?”

அவர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் கையிலிருந்த போன் சிணுங்கியது. மறுபடியும் குடம். ‘வால்வுக்காரனை விரட்டு.’ பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்நூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள்.

அவள் முகம் வெளுத்தது. “சத்தியமா இது நான் இல்லைங்க. தம்பியோட ஆளுங்க அஞ்சாறு பேர்கிட்ட பாஸ்வேர்டு இருக்கு. யார் யாருன்னு எனக்கே தெரியாது.”

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அழுகை நிஜம் மாதிரிதான் இருந்தது. பதினொன்று என்று சொன்னபோது அவள் தலையாட்டியதும் நிஜம் மாதிரிதான் இருந்தது. வால்வுக்காரர் கையை நீட்டினார்.

“உன் போனைக் கொடு. நானே பார்க்கிறேன்.”