வலைக்கு வைத்த ஜன்னல்

அறிவியலும் உழைப்பும் கைகோத்து நடந்தால் கடலே வழிவிட்டு ஒதுங்கும் என்று விழாப் பதாகை முழங்கியது. அதைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல், கழிப்பறைக்குப் போகும் நடையின் குறுக்கே கட்டிவிட்டார்கள். காலையிலிருந்து அவசரக்காரர்கள் வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசகம் மீன்வள ஆய்வு நிலையத்தின் முதுநிலை விஞ்ஞானி அருளியது. அவருக்கு இருந்த பட்டங்களை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. துறைமுகத்தில் அவற்றை யாரும் சொல்லவும் இல்லை. அங்கே அவர் பெயர் 'ஜன்னல் டாக்டர்'. இழுவலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பை இருக்கிறதே, அதன் விலாவில் பெரிய கண்ணிகளால் ஒரு ஜன்னல் தைத்துவிட்டால் குஞ்சுமீன்கள் அது வழியாகத் தப்பிவிடும், வளர்ந்த மீன் மட்டும் தங்கும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

"மாட்டின மீன் முன்னாடியே முட்டிக்கிட்டுக் கிடக்கும். அதுக்கு அவ்வளவுதான் புத்தி. பக்கத்துல திரும்பினா உயிர் பிழைக்கலாம்னு நாமதான் அதுக்குச் சொல்லித்தரணும்" என்று அவர் மேடைதோறும் சொல்வார். கேட்பவர்களுக்கு மீனின் மேல் பரிதாபம் வரும்.

ஜன்னலைக் கடலில் சோதித்தது படகு உரிமையாளர் சங்கத் தலைவரின் படகில். அந்தப் பயணம் முழுவதும் பிடிபட்ட மீனில் ஒரு குஞ்சுகூட இல்லை. எந்தக் கடலிலும் எந்த வலையும் இப்படி வேலை செய்ததில்லை. முடிவைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டிய பொறுப்பு விஞ்ஞானிக்கு இருந்தது. அவர் சந்தோஷப்பட்டுவிட்டார்.

நிலையமும் சங்கமும் சேர்ந்து செய்த அந்தக் கூட்டாய்வில் இன்னொரு பலனும் கிடைத்தது. படகை ஓட்டியவன் தலைவரின் மகன். விஞ்ஞானி கரையை விட்டு இறங்கிய கணத்திலிருந்து வாந்தியெடுத்துக் குப்புறக் கிடந்தபோது, அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே காட்டி, தலையைத் தூக்கவே விடாமல் பார்த்துக்கொண்டான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று உருகிப்போய் விஞ்ஞானி தன் மகளை அவனுக்கே கொடுத்தார். மகள் இப்போது மாசமாக இருந்தாள்.

இன்றைக்கு அமைச்சர் வந்து, இனி எல்லா இழுவைப் படகுகளிலும் ஜன்னல் கட்டாயம் என்று அறிவிக்கப்போகிறார். அடுத்த இயக்குநர் யார் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. ஜன்னலில் தேறிய மீன்கள் என்று காட்டுவதற்காக ஒரு தட்டு மீனைக் குளிர் அறையில் எடுத்து வைத்திருந்தார்கள். அமைச்சரின் வண்டி வந்ததும் உதவியாளர்கள் அத்தனை பேரும் வரவேற்க ஓடிவிட்டதால், தட்டை எடுக்க விஞ்ஞானியே போகவேண்டியதாயிற்று. அந்தக் குளிர் அறையை வாங்கிய குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் ஜலதோஷம் பிடிக்கும் என்று உள்ளே ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. வாசல் விரியத் திறந்து கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்.

பின்னாலேயே சங்கத் தலைவரும் வந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று பேர் வாங்கியவர். இன்று முகம் கழுவாத மீனாக இருந்தது.

"சம்பந்தி, ஒரு வார்த்தை."

"விழா முடியட்டும் சம்பந்தி."

"முடிஞ்சா நான் முடிஞ்சேன்."

முதுகுக்குப் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். திரும்பினார்கள். வாசல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தகரச் சுவர் நின்றது. தலைக்கு மேலே கம்பிக்கூண்டுக்குள் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

விஞ்ஞானி தோளால் முட்டினார். அசையவில்லை. தலைவரும் சேர்ந்து முட்டினார். உறைபனி உதிர்ந்து இருவர் தலையிலும் விழுந்தது.

"பூட்டிட்டானுங்க" என்றார் தலைவர்.

கத்திப் பார்த்தார்கள். வெளிச்சுவரில்தான் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். அது வரவேற்புரையை உள்ளே கொட்டியதே தவிர, இவர்கள் குரலை வெளியே விடவில்லை. 'மதிப்பிற்குரிய' என்ற சொல் மூச்சுக்கு மூச்சு வந்து விழுந்தது.

"அமைச்சர் பேசறதுக்குள்ள வெளிய போகணும்" என்றார் விஞ்ஞானி, பல் கிட்டியபடி.

"எனக்குத்தான் அதைவிட அவசரம். அந்த அறிவிப்பை நிறுத்தணும்."

"நிறுத்தறதா? உங்க படகுல சோதிச்சதுதானே?"

"அதனாலதான் சொல்றேன்." தலைவர் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். குளிர் சுட்டதும் எழுந்தார். "ஜன்னலைத் தைச்சு மூடிட்டோம் சம்பந்தி."

"எதை?"

"உங்க ஜன்னலை. படகு துறையைத் தாண்டினதுமே நைலான் கயிறு போட்டு மூடியாச்சு. பிடிச்ச மீனை விடறதுக்கு நாங்க என்ன தர்ம சத்திரமா நடத்தறோம்?"

விஞ்ஞானிக்குக் கடல்மேல் நிற்பதுபோல் இருந்தது. "அப்போ குஞ்சு மீன்?"

"வந்துச்சு. கூடை கூடையா. உங்க கண்ணுல படாம பொறுக்கி அடியில தள்ளிட்டோம். கோழித் தீவனத்துக்குப் போச்சு."

"நான் அங்கேயேதானே இருந்தேன்!"

"இருந்தீங்க. வாளிக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு. மேல பார்த்துடாதபடி பார்த்துக்கடான்னு பையன்கிட்ட நான்தான் சொன்னேன்."

எலுமிச்சம்பழத்தின் வாசனை விஞ்ஞானிக்கு மறுபடி அடித்தது. நெற்றியில் அழுந்தியிருந்த அந்த அன்பான கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையைத்தான் மகளுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"உங்களுக்கு நல்ல முடிவு வேணும். எனக்கு நீங்க சீக்கிரம் கரையேறணும். காகிதம் எழுதுவீங்க, அலமாரியில வைப்பீங்க, கரையான் படிக்கும்னு நினைச்சேன். இப்படி அமைச்சர் படிப்பார்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் குஞ்சை விட்டு வச்சிருந்தா சுமாரான முடிவா வந்து ஒழிஞ்சிருக்கும். இந்தப் பசங்க ஒண்ணுகூட விடாம பொறுக்கித் தொலைச்சிட்டாங்க. எல்லாப் படகுலயும் நெஜமாவே ஜன்னல் வச்சா மீனும் போகும், என் தலைவர் பதவியும் போகும். சங்கத்து ஆளுங்க என்னையே வலையில போட்டு இழுப்பாங்க."

விஞ்ஞானி கதவைப் பார்த்தார். வெளியே போனதும் என்ன சொல்வது? ஜன்னல் வேலை செய்கிறதா என்று தனக்கே தெரியாது என்று சொல்லலாம். பிறகு, ஏன் தெரியாது என்று கேட்பார்கள். வாந்தி என்று சொல்லவேண்டும். அந்த வாந்தியின்மேல்தான் ஆய்வுக்கட்டுரை, அயல்நாட்டு மாநாடு, வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் கேடயம் எல்லாம் நிற்கின்றன. யார் ஏமாற்றியது என்றும் கேட்பார்கள். மாப்பிள்ளையைக் கைகாட்டவேண்டும். மகள் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வருவாள். புகுந்த வீட்டுக்குத் திரும்பமாட்டாள். ஆப்பைப் பிடுங்கிய குரங்காவது வாலைத்தான் மாட்டிக்கொண்டது.

"முட்டுங்க சம்பந்தி, என்ன யோசனை?" என்றார் தலைவர்.

"முட்டறேனே."

முட்டினார்தான். ஆனால் தோளில் பழைய வேகம் இல்லை. சட்டை கசங்காதபடி முட்டினார். அடுத்த சுற்றில் தலைவரின் தோளும் தளர்ந்தது. வெளியே ஓடி அறிவிப்பை நிறுத்துவதென்றால், சங்கம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பந்தலில் ஒலிபெருக்கியைப் பிடித்து உண்மையைச் சொல்லியாகவேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளை விழும் அடி இன்று விழும் அடியைவிட எப்போதும் மெல்லியது.

"நீங்க முட்டவே இல்லை, சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றார் விஞ்ஞானி.

"நீங்க மட்டும்? தூசி தட்டற மாதிரி இருக்கு."

இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல், கதவுக்கு மரியாதை செய்வதுபோல மெல்ல மெல்ல முட்டிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மரத்துப்போயின. விஞ்ஞானியின் மூக்கு ஒழுகத் தொடங்கியது. தட்டிலிருந்த மீன்கள் வாயைப் பிளந்தபடி வேடிக்கை பார்த்தன.

அமைச்சரின் குரல் சுவரைத் துளைத்து வந்தது. ஜன்னல் கட்டாயம். கைதட்டல் வந்தது, சங்கத்து ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து வேறு மாதிரி சத்தமும் வந்தது.

"ஆச்சு" என்றார் தலைவர், பெருமூச்சோடு. அதில் துக்கம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. "கட்டாயம்னா என்ன? எல்லாரும் தைச்சு மூடிக்குவாங்க. கடல்ல போய் யார் பார்க்கப்போறாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்க" என்று விஞ்ஞானி அவசரமாக ஒத்துக்கொண்டார். கூட்டாய்வு தொடங்கிய நாளிலிருந்து இருவரும் முழுமனதாக ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

ஒலிபெருக்கி ஓயவில்லை. ஜன்னல் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்று அமைக்கப்படும். அதில் இருவரே உறுப்பினர்கள், ஒருவர் நமது விஞ்ஞானி, இன்னொருவர் நமது சங்கத் தலைவர். இருவரும் மாதந்தோறும் படகில் கடலுக்குப் போய் நேரில் பார்த்துவருவார்கள் என்று அமைச்சர் சொன்னார். அறிவியலும் உழைப்பும் ஒரே படகில் என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

விஞ்ஞானிக்கு நின்ற இடத்திலேயே குமட்டியது. இந்த முறை அவர் உண்மையாகவே முட்டினார். பட்டம், கேடயம், சட்டை எல்லாவற்றையும் மறந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, நேரே கதவின் நடுமத்தியில் முட்டினார். தலைவரும் பக்கத்தில் நின்று அதே இடத்தில் முட்டினார். தகரம் அதிர்ந்தது. கதவு அசையவில்லை.

"திறங்கடா! யாராவது திறங்கடா!"

வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து அகலமானது. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் இரண்டு பொன்னாடைகள். கதவைத் திறந்தது இன்னொரு கையின் இரண்டே விரல்கள்.

"மாமா, நீங்க உள்ளயா இருக்கீங்க? அப்பாவுமா? மேடையில ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. குளிர் வீணாப் போகுதேன்னு நான்தான் இழுத்துச் சாத்தினேன்."

"பூட்டிட்டுப் போயிருக்கியேடா பாவி!" என்று தலைவர் பாய்ந்தார்.

"பூட்டா? இதுல ஏதுப்பா பூட்டு?"

விஞ்ஞானி நெற்றியில் வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அது பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் கதவு.