வியாழக்கிழமை பெண்கள் முறை

எங்கள் கூட்டுறவு ஆலைக்கு எந்த உறைவிப்பு இயந்திரம் வாங்குவது என்பதை ஐந்து ஆண்கள் துணியில்லாமல் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஹில்க்கா. கைனூ காட்டோரப் பழ ஆலையில் உறைவிப்புக் கூடம் இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பு. காட்டில் பறிக்கும் முஸ்திக்கா என்ற கருநீலச் சிறு பழத்தை உதிரி உதிரியாக உறைய வைத்தால்தான் ஊலு நகரத்துப் பெரிய பேக்கரி வாங்கும். கட்டி தட்டினால் ஒரு பெட்டிகூட எடுக்காது. எங்களுக்கு இருப்பது அந்த ஒரே வாடிக்கையாளர். அவர்கள் போனால் ஆலைக்குப் பூட்டுதான்.

பழைய இயந்திரம் இந்தப் பருவத்தோடு உயிரை விட்டுவிடும். அதற்குப் பதிலாக இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று காற்றுச் சுரங்கம். வலைப் பட்டையில் பழம் போகும்போது கீழிருந்து குளிர்காற்று அடித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கி உறைய வைக்கும். இன்னொன்று ஓஸ்மோ என்ற விற்பனையாளர் கொண்டுவந்த தட்டு அலமாரி. பாதி விலை. செவ்வாய் காலை பத்து மணிக்குக் கூட்டம், எல்லோரும் பேசி முடிவெடுப்போம் என்று மேலாளர் தைஸ்தோ அறிவிப்பு ஒட்டினான். நானும் நம்பினேன். ஓஸ்மோ முற்றத்தில் நிறுத்தியிருந்த மாதிரி அலமாரியில் பத்து கிலோ பழத்தை உறைய வைத்தேன். வெளியே வந்தது ஒரே கட்டியாக உறைந்த செங்கல்.

அந்தச் செங்கல்லோடு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனேன். தைஸ்தோ காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வா ஹில்க்கா, காபி குடி. அலமாரியே வாங்கிடலாம்னு பேசி முடிச்சாச்சு."

"எப்போ முடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம். சௌனாவுல." ஆலையின் நீராவிக் குளியலறையைச் சொன்னான்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"எப்படிக் கூப்பிடறது? திங்கக்கிழமை ஆம்பளைங்க முறை. உங்க முறை வியாழக்கிழமைதானே?"

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பால் குடிக்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

ஓஸ்மோ தன் அலமாரியில் உறைந்த பழத்தின் சோதனைப் படத்தை நீட்டினார். "கோவப்படாதீங்க ஹில்க்கா. பாருங்க, மணி மணியா வந்திருக்கு."

பார்த்தேன். "இது தோட்டத்துப் பழம்! தோல் தடிமன், உள்ளே வெள்ளை. நம்ம பழம் தொட்டாலே நசுங்கும், உள்ளே வரைக்கும் கருநீலம்."

"பழம் பழந்தானே" என்றார் அவர்.

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னவருக்கு யாரும் இரண்டாவது கோப்பை காபி ஊற்ற மாட்டார்கள். அவர் தெற்கத்திக்காரர், போகட்டும். இங்கேயே பிறந்து, ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பழம் தின்ற நீலப் பல்லோடு திரிந்து வளர்ந்த இந்த ஐந்து பேருக்கு எங்கே போயிற்று புத்தி?

"ஒருத்தருக்குக்கூடவா கண்ணு தெரியல?"

"சௌனாவுக்கு யாராவது மூக்குக்கண்ணாடி போட்டுட்டுப் போவாங்களா?" என்றான் தைஸ்தோ. படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, செங்கல்லையும் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை கையெழுத்து. சௌனாவுல கைகொடுத்துப் பேசினத மாத்தினா அசிங்கம் ஹில்க்கா."

செங்கல்லைக் குளிரறையில் பத்திரப்படுத்தினேன்.

வியாழக்கிழமை பெண்கள் முறை. கூட்டுறவில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். ஏழு பேரும் மேல் பலகையில் உட்கார்ந்தோம். நான் செங்கல்லை வாளியில் வைத்து உள்ளே கொண்டுபோனேன்.

"அடப்பாவிகளா, இதையா பேக்கரிக்கு அனுப்பப் போறாங்க?" என்றாள் பொதி கட்டும் பிரிவின் சீர்க்கா. "நம்ம வயித்துல அடிக்கறதுக்கு இவங்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமா?" கோபத்தில் அவள் அடுப்பின் சூட்டுக் கல்லின் மேல் ஊற்றிய தண்ணீரில் எழுந்த ஆவிக்கு எல்லோரும் குனிந்துகொண்டோம்.

வெள்ளிக்கிழமை ஓஸ்மோ பேனாவைத் திறந்தார். ஏழு பேரும் உள்ளே போய் நின்றோம்.

"பேனாவை மூடுங்க" என்றேன். "காற்றுச் சுரங்கம்தான் வாங்கறோம். முடிவாச்சு."

தைஸ்தோ எழுந்தே விட்டான். "யார் முடிவு பண்ணது? எப்போ?"

"நேத்து. சௌனாவுல. ஏழு பேர்."

"அதெப்படி? அறிவிப்பு இல்ல, கூட்டம் இல்ல, எங்க யாரையும் கூப்பிடல! சௌனாவுல உக்காந்து பேசினா அது முடிவாயிடுமா?"

சொன்னது அவன் காதிலேயே விழ அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு காது மடல் வரை சிவந்தான்.

"சரி, எல்லாரும் உக்காருங்க" என்றான் கடைசியில். "கூட்டத்தை இப்பவே நடத்துவோம்."

மிச்சமிருந்த செங்கல்லை மேஜையில் வைத்தேன். தைஸ்தோ பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தட்டிப் பார்த்தான். ஓஸ்மோவின் படத்தைக் கையில் எடுத்து, கிட்டக் கொண்டுபோய், நெடுநேரம் பார்த்தான்.

"இது நம்ம பழமே இல்லையே!" என்றான்.

"அதைத்தான்டா செவ்வாய்க்கிழமையிலேர்ந்து கத்திட்டிருக்கேன்" என்றேன்.